மூன்றாம் அத்தியாயம்: பிரெஞ்சில் கேட்கப் பழகுதல்

பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த சில வாரங்களுக்குள் தன் பெயர், ஊர், வயது, வேலை ஆகியவற்றைச் சொல்ல எல்லோருக்கும் வந்துவிடும். "ஜு மாபெல்..." என்று தொடங்கிக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெயரைக் கேளுங்கள் என்று சொன்னால் மட்டும் வாய் அடைத்துப் போகும். மொழி கடினம் என்பதால் வரும் தயக்கம் அல்ல இது. நம் பள்ளிக்கூடங்களில் கேள்வி ஆசிரியருடையது, பதில் மாணவருடையது. பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே வளர்ந்தவர்கள், புது மொழிக்குள் வரும்போதும் பதிலோடுதான் வருகிறார்கள்.

ஏ1 என்னும் தொடக்கநிலை டெல்ஃப் பிரெஞ்சுத் தேர்வுக்குப் போகிறவர்கள் இதை நேரடியாக உணர்வார்கள். பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் தேர்வாளர் உங்களைப் பற்றிக் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். அதில் யாரும் தடுமாறுவதில்லை. இரண்டாம் பகுதியில் நிலைமை தலைகீழாகிறது. 'ஞாயிற்றுக்கிழமை', 'சினிமா', 'குழந்தைகள்' என்பதுபோல் ஒற்றைச் சொல் எழுதிய ஆறு சீட்டுகள் உங்கள் கைக்கு வரும். ஒவ்வொரு சொல்லையும் வைத்துத் தேர்வாளரை நீங்கள் கேட்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு நிமிடம் பேச்சை நடத்த வேண்டியது நீங்கள்தான். முதல் பகுதியில் சரளமாகப் பேசியவர் இங்கே வந்து சீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்கப் பழகாமல் பதில் மட்டும் பழகியதன் விளைவு அது. அதனால்தான் இந்த நூலில் வினைச்சொல் அட்டவணைகளுக்கு முன்பே கேள்வியை வைத்திருக்கிறேன்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு பிரெஞ்சு கற்பவருக்கு வேறு தமிழ் ஊர்களில் எளிதில் கிடைக்காத வசதி ஒன்று உண்டு: கேட்பதற்கு ஆள் இருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காதவரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. 1962 ஆகஸ்டு 16 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் விருப்பம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. அப்படித் தக்கவைத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஊரார் 'சொல்தா' என்று சொல்லும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியக்காரர்களில் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் இருக்கக்கூடும். பாரிஸ் பக்கம் குடியேறிய உறவினர்கள் ஜூலை, ஆகஸ்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறார்கள். 1826இல் தொடங்கிய லிசே பிரான்சே, 1889இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் மூன்றுமே பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இத்தனையும் இருந்தும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பலர் பிரெஞ்சைத் தெருப்பலகையில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

கேள்விகளுக்குப் போகுமுன் ஒலிகளைப் பற்றிக் கொஞ்சம். இந்த நூலில் பிரெஞ்சு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். 'த' என்று எழுதியிருந்தால் அது 'த'தான், 'ட' ஆக்கிவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் நாக்கைப் பல்லில் வைத்தே அந்த ஒலியைச் சொல்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்கு வருகிறவர்கள்தான் வீணாக 'ட' போடுகிறார்கள். 'உய்' என்று எழுதிய இடத்தில் உதட்டை 'உ' போலக் குவித்து, உள்ளே நாக்கை 'இ'க்கு வைத்துச் சொல்லுங்கள். பிரெஞ்சு ஆளுநர் ஒருவரின் பெயரைத் துய்ப்ளெக்ஸ் என்று நம் முன்னோர் எழுதியது இந்த ஒலியைப் பிடிக்கத்தான்.

சொல்லின் கடைசியில் வரும் 'ன்'னைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "நான் வந்தேன்" என்பதைப் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? நாக்கு மேலண்ணத்தைத் தொடுவதே இல்லை, மூக்கு வழியாக 'வந்தே' என்று இழுத்து விட்டுவிடுகிறோம். 'மரம்' பேச்சில் 'மரோ' ஆகி மூக்கில் முடிகிறது. பிரெஞ்சின் மூக்கொலிகள் இவைதான். மற்ற மொழிக்காரர்களில் பலர் மாதக்கணக்கில் திணறும் ஒன்று நமக்குத் தாய்ப்பாலோடு வந்திருக்கிறது. நமக்குத் திணறல் வருவது வேறு இடத்தில். 'பஸ்'ஸின் முதல் ஒலியும் 'பல்'லின் முதல் ஒலியும் தமிழில் ஒரே எழுத்து, பிரெஞ்சில் தனித்தனி. இதை எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, காதால் கேட்டே பழக வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் வாயால் ஒரு தடவையாவது சொல்லக் கேட்டுவிடுங்கள்.

இனி முதல் பாடம். எந்தக் கேள்விக்கும் முன்னால் "போன்ஜூர்" சொல்லுங்கள். மாலை ஆனால் "போன்ஸ்வார்". நாம் கடைக்குள் நுழைந்ததும் "அண்ணே, தக்காளி என்ன விலை?" என்று நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். அந்த 'அண்ணே'யிலேயே மரியாதையும் உறவும் வந்துவிட்டன. பிரெஞ்சில் அதற்குச் சமமான முறைப்பெயர் இல்லை, அந்த வேலையை "போன்ஜூர்" செய்கிறது. "போன்ஜூர், மதாம்" அல்லது "போன்ஜூர், ம்ஸ்யே" என்று சொல்லி, அவர் பதிலுக்கு வணக்கம் சொல்லும்வரை ஒரு கணம் நின்று, பிறகு கேளுங்கள். வணக்கம் சொல்லாமல் கேட்ட கேள்வி, இலக்கணம் எவ்வளவு சரியாக இருந்தாலும், முரட்டுத்தனமாகப் படும். பாரிஸ் கடைக்காரர்கள் சிடுசிடுப்பானவர்கள் என்று சொல்லிக்கொண்டு திரும்பும் பயணிகளில் பலர் இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

அடுத்தது கேள்வியின் வடிவம். பாடநூல்கள் மூன்று வடிவம் சொல்லும். "வூ பார்லே ஃப்ரான்ஸே?" என்று சாதாரண வாக்கியத்தையே சொல்லி, கடைசியில் குரலை உயர்த்துவது ஒன்று. முன்னால் 'எஸ்க்' சேர்த்து "எஸ்க் வூ பார்லே ஃப்ரான்ஸே?" என்பது இரண்டு. வினையை முன்னால் தூக்கி "பார்லே-வூ ஃப்ரான்ஸே?" என்பது மூன்று. மூன்றுக்கும் பொருள் ஒன்றே: "நீங்கள் பிரெஞ்சு பேசுவீர்களா?" மூன்றாவது எழுத்திலும் முறையான பேச்சிலும் அதிகம் வரும். அதைப் படித்தால் புரிந்தால் போதும் என்பது என் கருத்து. தொடக்கத்திலேயே மூன்றையும் திணித்தால் கற்பவர் எதைச் சொல்வது என்று யோசித்தே நின்றுவிடுகிறார். முதல் ஆறு மாதம் குரலை உயர்த்திக் கேளுங்கள். குரல் உயர்வது தெளிவாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தால் 'எஸ்க்' சேர்த்துக்கொள்ளுங்கள். நம் 'ஆ' கடைசியில் வந்து "இது கேள்வி" என்று சொல்கிறது. அவர்களின் 'எஸ்க்' முதலிலேயே வந்து சொல்லிவிடுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆனால் நம் 'ஆ'வுக்கு இன்னொரு திறமை உண்டு, அதில்தான் தமிழர் தடுக்கி விழுகிறோம். "நீங்க நாளைக்கு வர்றீங்களா?" என்பது ஒரு கேள்வி. "நீங்க நாளைக்கா வர்றீங்க?" வேறு கேள்வி: வருவது தெரியும், நாளைதானா என்பது சந்தேகம். "நீங்களா நாளைக்கு வர்றீங்க?" இன்னொன்று: வேறு யாரோ வருவார்கள் என்று நினைத்தோம். ஓர் 'ஆ'வை எந்தச் சொல்லில் ஒட்டுகிறோமோ அங்கே சந்தேகம் போய் உட்காருகிறது. பிரெஞ்சில் அப்படி ஒட்ட முடியாது. 'எஸ்க்' எப்போதும் வாக்கியத்தின் தலையில்தான் நிற்கும். சந்தேகப்படும் சொல்லைத் தனியே எடுத்துக்காட்ட 'ஸே' வேண்டும். "வூ வ்னே தெமேன்?" என்றால் முதல் கேள்வி. "ஸே தெமேன் க் வூ வ்னே?" என்றால் "நாளைக்கா?" "ஸே வூ கி வ்னே தெமேன்?" என்றால் "நீங்களா?" இந்த மூன்றையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாலைந்து நாளில் பழகிவிடும். தேர்வில் ஏ1 நிலையில் இதை எதிர்பார்க்க மாட்டார்கள், ஆனால் வாழ்க்கையில் முதல் நாளே தேவைப்படும்: "இந்த பஸ்ஸா போகும்?", "இங்கேயா கையெழுத்து?"

எங்கே, எப்போது, எவ்வளவு என்ற கேள்விச் சொற்களில் நமக்கு இன்னொரு சலுகை. பேச்சுப் பிரெஞ்சில் கேள்விச் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைக்கலாம். "வூஸபிதே ஊ?" என்றால் "நீங்கள் குடியிருப்பது எங்கே?" "வூஸூவ்ரே ஆ கெல் எர்?" என்றால் "திறப்பது எத்தனை மணிக்கு?" "ஸே கொம்பியேன்?" என்றால் "இது எவ்வளவு?" ஆங்கிலம் படித்த பழக்கத்தில் கேள்விச் சொல்லை முன்னே இழுத்து, பிறகு மிச்சத்தை எப்படி அடுக்குவது என்று மனதுக்குள் போராடுகிறோம். அந்தப் போராட்டம் வேண்டாம். வாக்கியத்தைச் சொல்லுங்கள், தெரியாத இடத்தில் கேள்விச் சொல்லைப் போடுங்கள்.

சொற்கள் குறைவாக இருக்கும்போது இரண்டு தொடர்கள் பெரும்பாலான வேலையை முடித்துத் தரும். ஒன்று 'வூஸாவே', "உங்களிடம் இருக்கிறதா?" இன்னொன்று 'இல்யா', "இங்கே உண்டா?" பேக்கரியில் "வூஸாவே துய் பேன்?" (ரொட்டி இருக்கிறதா?). நூலகத்தில் "வூஸாவே தே லீவ்ர் பூர் தேபுய்தான்?" (தொடக்கநிலையினருக்கான புத்தகம் இருக்கிறதா?). தெருவில் "இல்யா உய்ன் ஃபார்மஸி பார் இஸி?" (இந்தப் பக்கம் மருந்துக்கடை உண்டா?), "இல்யா அன் புய்ஸ் பூர் ஒரோவில்?" (ஆரோவில்லுக்கு பஸ் உண்டா?). பொருளின் பெயர் தெரியாவிட்டால் விரலால் காட்டி "கெஸ்க் ஸே?" என்றால் போதும், "இது என்ன?" இடம் தேடினால் "ஊ எ..." (எங்கே இருக்கிறது?) என்று தொடங்குங்கள்: "ஊ எ ல கொன்ஸுய்லா?" (துணைத் தூதரகம் எங்கே?), "ஊ எ லா பிப்லியொதெக்?" (நூலகம் எங்கே?). முடிவில் "சில் வூ ப்ளே" (தயவுசெய்து) சேர்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நீ, நீங்கள் விஷயத்தில் தமிழர் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். 'துய்' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். தெரியாதவரிடமும் அலுவலகத்திலும் 'வூ' என்றே கேளுங்கள். ஆனால் எல்லை நம் எல்லை அல்ல. பிரெஞ்சுக் குடும்பங்களில் பிள்ளைகள் அப்பா அம்மாவையும் தாத்தா பாட்டியையும் 'துய்' என்கிறார்கள். அங்கே அது நெருக்கத்தின் அடையாளம், மரியாதைக் குறைவு இல்லை. பாரிஸில் பிறந்த பேத்தி ஆயாவைப் பார்த்து "துய் வியேன்?" (நீ வருகிறாயா?) என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அதே பேத்தி தன் ஆசிரியையிடம் 'வூ' என்றுதான் சொல்வாள்.

ஓஸ்லோவில் இருக்கும் ஈழத் தமிழ் உறவினர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நார்வேஜியத்தில் இந்தப் பிரச்சினையே கிட்டத்தட்ட இல்லை. மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் கடைக்காரரிடமும் 'தூ' ஒன்றுதான். மரியாதைப் பன்மை ஒன்று இருந்தது, இன்றைய பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. கேள்விக்கும் ஒரே வடிவம்தான்: வினையை முன்னால் வைத்து "ஸ்நாக்கெர் தூ நொஷ்க்?" (நார்வேஜியம் பேசுவாயா?). நம்மவர்களுக்கு அங்கே கடினமாக இருப்பது, வயதில் மூத்தவரை 'தூ' என்று கூப்பிட மனம் வருவதுதான்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்தப் பாடநூலும் நமக்காக எழுதவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்பது நமக்கு அன்பு. அதை அப்படியே பிரெஞ்சில் கேட்டால், எதிரில் இருப்பவர் நீங்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைப்பார். அந்த இடத்துக்கு உரிய கேள்வி "ஸா வா?" (நலமா?) அல்லது "கொமான் தாலே வூ?" (எப்படி இருக்கிறீர்கள்?). விருந்துக்குப் பின் "வூஸாவே பியேன் மான்ஜே?" (நன்றாகச் சாப்பிட்டீர்களா?) என்று கேட்கலாம், அப்போது பொருந்தும். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்பதும் நம்மூரில் வணக்கத்துக்குச் சமம், அவர்களுக்கு அது விசாரணை. சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, என்ன மதம் ஆகிய நான்கையும் முற்றிலும் விட்டுவிடுங்கள். பிரான்சில் பழகிய நண்பர்களிடையேகூடச் சம்பளப் பேச்சு அரிது.

அதற்குப் பதில் எதைக் கேட்டால் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள்? சாப்பாடு, விடுமுறை, ஊர், படித்த புத்தகம், பார்த்த படம். "வூஸேமே ல சினெமா?" (சினிமா பிடிக்குமா?), "கெஸ்க் வூ ஃபேத் ல திமான்ஷ்?" (ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்?). தேர்வுச் சீட்டுகளிலும் இவைதான் வரும். தமிழ் முகமுள்ள ஒரு பிரெஞ்சுக் குடிமகனிடம் "வூஸெத் தூ?" (எந்த ஊர்?) என்று கேட்பதாக இருந்தால், இங்கே அது உறவு தேடும் கேள்வி என்று அவருக்குத் தெரியும். பிரான்சில் அதே கேள்வி அவரை அந்நியராக்கும் கேள்வியாகக் காதில் விழலாம். இடம் பார்த்துக் கேளுங்கள்.

கேள்வி கேட்பதில் இன்னொரு பாதி, வரும் பதிலைப் பிடிப்பது. "ஸே கொம்பியேன்?" என்று அழகாகக் கேட்டுவிடுவோம். பதில் 95 என்று வந்தால் "காத்ர வேன் கேன்ஸ்" என்று காதில் விழும்: நான்கு இருபது, பதினைந்து. 75 என்றால் "சுவாஸான்த் கேன்ஸ்", அறுபது பதினைந்து. கேட்டதும் கூட்டிப் பார்க்க நேரம் இருக்காது. எழுபதிலிருந்து தொண்ணூற்றொன்பதுவரை தனியே பயிற்சி செய்துகொண்டே விலை கேட்கத் தொடங்குங்கள். மணியிலும் கவனம்: மாலை ஏழு மணியை "தீஸ்நெவ் எர்", அதாவது 19 மணி என்பார்கள். நிகழ்ச்சி அறிவிப்புகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

பதில் புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். நம்மில் பலருக்கு அந்த வழக்கம் இருக்கிறது, புரியாததைப் புரிந்தது போல ஏற்றுக்கொள்வது மரியாதை என்று நினைக்கிறோம். எதிரில் இருப்பவர் அதை நம்பி இன்னும் வேகமாகப் பேசுவார். "பார்தோன்?" (மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?) என்று கேளுங்கள். "வூ பூவே ரெபெதே, சில் வூ ப்ளே?" (இன்னொரு முறை சொல்வீர்களா?), "ப்ளுய் லான்த்மான்?" (இன்னும் மெதுவாக?), "ஸா வெ தீர் குவா?" (அதற்கு என்ன பொருள்?), "கொமான் தித்தோன்... ஆன் ஃப்ரான்ஸே?" (இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?). இந்த ஐந்தும் இந்த அத்தியாயத்தின் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட முக்கியம். இவை தெரிந்தவர் எந்தப் பேச்சையும் தன் வேகத்துக்குக் கொண்டுவர முடியும். வெறும் "குவா?" (என்ன?) என்று மட்டும் கேட்காதீர்கள், அது பெரியவரிடம் "என்னது?" என்று அதட்டுவது போல இருக்கும்.

ஆம், இல்லை என்ற பதில்களிலும் ஒரு சிக்கல் உண்டு. "நீங்க காபி குடிக்கிறதில்லையா?" என்று தமிழில் கேட்டால், குடிக்காதவர் "ஆமாம், குடிக்கிறதில்லை" என்கிறார். பிரெஞ்சில் "வூ ந புய்வே பா த காஃபே?" என்ற அதே கேள்விக்குக் குடிக்காதவர் சொல்ல வேண்டியது "நோன்". 'வுய்' என்றால் கேட்டவர் குழம்புவார். குடிப்பவராக இருந்தால் 'வுய்' கிடையாது, 'ஸி'. எதிர்மறைக் கேள்வியை மறுத்து "இல்லையே, குடிப்பேனே" என்று சொல்லத் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். ஜெர்மானியர் 'தொக்' என்பதும் நார்வேக்காரர் 'யூ' என்பதும் இதே வேலைக்குத்தான். ஆங்கிலத்தில் இதற்குச் சொல் இல்லாததால், ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களுக்கு இது எளிதில் மனதில் நிற்பதில்லை. தமிழ் வழியாக வாருங்கள்: 'குடிப்பேனே' என்பதில் வரும் அந்த 'ஏ' உங்கள் நாக்கு நுனியில் வந்தால், அது 'ஸி' வர வேண்டிய இடம்.

இனிப் பயிற்சி. அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கும் சுஃப்ரேன் வீதியிலிருந்து தொடங்குங்கள். அங்கே வகுப்பில் சேராதவர்களும் கண்காட்சிகளுக்கும் திரையிடல்களுக்கும் போகலாம். நுழைவாயிலில் இருப்பவரிடம் "ஆ கெல் எர், ல ஃபில்ம்?" (படம் எத்தனை மணிக்கு?) என்று பிரெஞ்சிலேயே கேளுங்கள். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் பயணிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு வந்தால், குறுக்கே போய்ப் பயிற்சிக்காகக் கேள்வி கேட்காதீர்கள். அவர்கள் வழி தெரியாமல் நின்றால் "ஜு பே வூஸேதே?" (நான் உதவலாமா?) என்று கேளுங்கள், அது யாருக்கும் தொந்தரவாக இருக்காது. பெரிய மார்க்கெட்டில் பிரெஞ்சு செல்லாது. ஆனால் உடன் படிக்கும் ஒருவரோடு அங்கே போய், மீனையும் கீரையையும் காட்டி "கெஸ்க் ஸே?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நடந்தால் அரை மணி நேரத்தில் நல்ல சொற்சேமிப்பு கிடைக்கும்.

வீட்டுக்கு அருகில் பழைய 'சொல்தா' யாராவது இருந்தால், முதலில் தமிழில் அனுமதி கேளுங்கள்: "ஐயா, உங்ககிட்ட பிரெஞ்சுல ரெண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாமா?" மறுப்பவர் குறைவு. இந்தோசீனாவிலோ அல்ஜீரியாவிலோ பணியாற்றியவர்களும், பிரான்சிலேயே பணிக்காலம் முழுவதும் கழித்தவர்களும் அவர்களில் உண்டு. கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது: "வூஸேதியே ஊ?" (எங்கே இருந்தீர்கள்?), "கான்?" (எப்போது?), "பூர்க்வா?" (ஏன்?). அவர் பழைய வழக்கில் பேசினால் அதைத் திருத்த முனையாதீர்கள், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வீட்டில் செய்யும் சீட்டுப் பயிற்சி. ஒரு தாளை ஆறாகக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதுங்கள்: வீடு, விடுமுறை, சாப்பாடு, வேலை, ஞாயிற்றுக்கிழமை, இசை. ஒருவர் சீட்டை எடுத்துக் கேட்க வேண்டும், மற்றவர் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னவர் முடிவில் "எ வூ?" (நீங்கள்?) என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டவரும் தன் பதிலைச் சொன்ன பிறகே அடுத்த சீட்டு. முதல் வாரம் தாளைப் பார்த்துக் கேட்கலாம், இரண்டாவது வாரம் தாளைக் கவிழ்த்து வையுங்கள். ஒரே சொல்லுக்கு மூன்று வேறு கேள்வி வரத் தொடங்கியதும் சீட்டுகளை மாற்றுங்கள். எண்களுக்கும் மணிக்கும் உரிய பயிற்சிகள் அடுத்த அத்தியாயத்தில் இருக்கின்றன. அவற்றை இதோடு சேர்த்தே தொடங்கிவிடலாம்.